கோமதிக்கு இரத்தம் ஊறிய ஊர்

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தம்பி முருகேசன். அவனைப் பெற்ற கையோடு எங்கள் அம்மா போய்விட்டாள். என் மூத்தவனும் அப்போது கைக்குழந்தை. இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கம் போட்டுப் பால் கொடுத்தேன். பிறகு என் கடைசி மகள் செல்வியை அந்த முருகேசனுக்கே கட்டி வைத்தேன். எங்கள் பக்கம் தாய்மாமன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை பார்க்க மாட்டோம். சங்கரன்கோவிலில் அந்தக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிடாத சொந்தக்காரர் கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஜெர்மனிக்குப் போய் வந்ததைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முருகேசனுக்கு அங்கே ஃப்ரைபுர்க் என்ற ஊரில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை. அவர்களுக்கு ஒரே பிள்ளை, கோமதி. ஆறு வயது. அவள் உடம்பில் இரத்தம் ஊறவில்லை. மாதா மாதம் யாரோ கொடுத்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காதும் சரியாகக் கேட்காது. அது சின்னதில் வந்த காய்ச்சலால் என்று நினைத்திருந்தார்கள். போன சித்திரையில் செல்வி போனில் அழுதாள்.

“எலும்புக்குள்ள இருக்க ஸ்டெம் செல்லை மாத்தணும்ங்காங்கம்மா. இவரு எலும்புல இருந்து எடுத்து அவளுக்கு வைப்பாங்களாம். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கெடந்தா நான் ஒத்தையில என்ன செய்வேன்?”

“ஸ்டெம் செல்னா என்னட்டி?”

“இரத்தத்துக்கு விதை மாதிரிம்மா. அவளோட பழைய விதையை எல்லாம் மருந்து குடுத்துக் கருக்கிட்டு, இவரோட விதையைப் போடுவாங்க. அது பிடிச்சாத்தான்...”

பிடிக்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. நாங்கள் மழையை நம்பி விதைக்கிறவர்கள். இளையரசனேந்தல் பக்கம் எங்கள் நிலத்தில் விதை கருகி நான் பார்த்திருக்கிறேன். “வாரேன்” என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

விமானத்தில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் வெளியே ஆடு மாடாவது தெரியும்.

இறங்கிய இடத்தில்தான் வம்பு வந்தது. கோயில் புற்று மண்ணை ஒரு பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அந்த மண்ணைத்தான் பூசுவோம். நீலச் சட்டை போட்ட அதிகாரி அதைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பிறகு தன் போனில் ஏதோ பேசினார். அந்தப் போன் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டது: “அம்மையாரே, இந்த மண் எதற்காக?”

“கோயில் மண்ணுய்யா. பேத்தி நெத்தியில பூச.”

போன் அவரிடம் அதைச் சொன்னது. அவர் யோசித்தார். போன் மறுபடியும் பேசியது: “மண்ணில் நோய்க் கிருமிகள் இருக்கலாம். அனுமதி இல்லை.”

“நோய் போகத்தான்யா அதைப் பூசுதோம்!”

இதைப் போன் எப்படிச் சொன்னதோ, அவர் சிரித்துவிட்டார். ஆனால் பொட்டலத்தைத் தரவில்லை. என் விரல் நகத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதையாவது கொண்டுபோவோம் என்று கையை மடக்கிக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் செல்வி ஒரு மருந்துத் தண்ணீரைக் கையில் ஊற்றினாள். “கையைச் சுத்தம் பண்ணாம யாரும் பிள்ளையைத் தொடக் கூடாதும்மா” என்றாள். அதோடு அதுவும் போயிற்று.

கோமதி உள்ளேயிருந்து வந்தாள். வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ஒரு வெளுப்பு. இரண்டு காதிலும் மெஷின். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாளாம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள், “இவங்க ஆச்சியா, அத்தையா?”

“ரெண்டுந்தான்” என்றேன் நான். “உங்கம்மாவுக்கு அம்மா, உங்கப்பாவுக்கு அக்கா.”

செல்வி முகம் என்னமோ போல் ஆனது. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் முருகேசன் ஊரைச் சுற்றிக் காட்டினான். தெருவோரமெல்லாம் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டிவிட்டிருக்கிறார்கள். பளிங்கு மாதிரித் தண்ணீர் ஓடுகிறது. பிள்ளைகள் மரப்படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

“இது எந்த வயலுக்குலே பாயுது?”

“வயலுக்கெல்லாம் இல்லக்கா. சும்மா அழகுக்கு விட்டிருக்காங்க.”

“அழகுக்குத் தண்ணியா!”

நான் குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். விரல் மரத்துப்போகிற குளிர்ச்சி. குருவிகுளம் வட்டாரத்தில் ஒரு மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிற சனங்களிடம் இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். ரொட்டி வெளியே கருங்கல், உள்ளே மெத்தை. எனக்கு இருக்கிற பற்களுக்கு உள்ளே உள்ளதுதான் ஆகும். பெரிய சர்ச்சுக்கு முன்னால் சந்தை கூடுகிறது. அங்கே முழங்கை நீளத்துக்கு இறைச்சியைச் சுட்டு, அதில் பாதிகூட மூடாத ஒரு சின்ன ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பன்றிக் கறி என்றான் முருகேசன். “நீயே தின்னு” என்றேன். வெள்ளையாகத் தண்டு தண்டாக ஒரு காய் விற்றார்கள். அந்த மாதத்தில் ஊரே அதற்குப் பறக்கிறது. வாங்கி வந்து சாம்பாரில் போட்டேன். பரவாயில்லை. ஆனால் முருங்கைக்காய் முருங்கைக்காய்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்கு மிளகு இடித்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுப் பெண், என் வயதுதான் இருக்கும், கோபமாக வந்து நின்றாள். செல்வி அவள் பேசியதைத் தமிழில் சொன்னாள்: “இன்னைக்கு ஓய்வு நாளு, சுவத்துல ஆணி அடிக்கலாமான்னு கேக்காம்மா.”

“ஆணியா? மிளகுன்னு சொல்லு. உள்ள வந்து குடிச்சுப் பாக்கச் சொல்லு.”

அவள் வந்தாள். ஒரு மடக்குக் குடித்தாள், மூக்கு சிவந்தது, இருமினாள், மறுபடியும் டம்ளரை நீட்டினாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்தால் கையாட்டுவாள். இருந்தாலும் நான் ஞாயிற்றுக்கிழமை இடிக்கவில்லை. சனிக்கிழமையே இடித்து வைத்துக்கொள்வேன்.

அந்த வாரத்தில் கோமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தம் ஏற்றிவிட்டு, ஸ்டெம் செல் மாற்றுவதற்கு நாள் குறிப்பதாகப் பேச்சு. செல்வி முன்னாலேயே போய்விட்டாள். நானும் முருகேசனும் டிராமில் போனோம். அது தெருவில் ஓடுகிற சின்ன ரயில். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அவன் முன்கதவு வழியாக இறங்கினான். நான் பின்கதவுக்குப் போய் நின்றேன். கதவு திறக்கும் திறக்கும் என்று நிற்கிறேன், அது திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. கதவில் ஒரு பொத்தான் இருக்கிறதாம், அதை நாமே அமுக்க வேண்டுமாம். எங்கள் ஊர் பஸ் என்றால் “பாட்டி இறங்குது, நில்லுய்யா” என்று நாலு பேராவது கத்தியிருப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நான் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன். போன வண்டி திரும்பி வரத்தானே வேண்டும்? கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் அம்மாள் வந்து பார்த்தாள். நான் என் கையில் ஊசி குத்துகிற மாதிரிக் காட்டினேன். புரிந்துகொண்டு, திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தானே எழுந்து வந்து பொத்தானை அமுக்கி விட்டாள். வெளியே முருகேசன் பேயடித்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

“எங்கக்கா போயிட்ட!”

“ஊரைச் சுத்திப் பாத்தேன்லே. ஒரே டிக்கெட்தானே?”

அன்றைக்கு நான் அப்படிச் சிரித்துப் பேசினேன். நினைப்பு வேறு. ஆஸ்பத்திரி மேசையில் படுக்கப் போகிற இரண்டு பேரில் ஒருவன் நான் பால் கொடுத்து வளர்த்தவன், ஒருத்தி நான் பெற்றவள் பெற்றவள்.

வார்டில் சிவமலர் என்று ஒரு நர்ஸ். யாழ்ப்பாணத்துப் பெண். “இதில இருங்கோம்மா” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்குப் பாதி பலம் வந்துவிட்டது. செல்வியும் முருகேசனும் ஏதோ கையெழுத்துப் போடுவதற்குக் கீழே போயிருந்த நேரம், பெரிய டாக்டரம்மா வந்தார். நெட்டையான பெண், நரைத்த முடி, வேகமான நடை. இரத்த நோய்களை ஆராய்ச்சி செய்கிறவரும் அவர்தான் என்றார்கள். கோமதியின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, என்னோடு கைகுலுக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

சிவமலர் சொன்னாள்: “தகப்பன்ர செல் பிள்ளைக்கு நல்லாப் பொருந்துதாம். சாதாரணமா தகப்பனுக்குப் பாதிதான் பொருந்துமாம். இது அதிசயமாக் கூடப் பொருந்துதெண்டு டொக்டர் சந்தோசப்படுறா.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பொருந்தாம எப்படி இருக்கும்? அவன் என் கூடப் பிறந்தவன். செல்வி என் வயித்துல பிறந்தவ. ரெண்டு பக்கமும் ஒரே இரத்தம்லா!”

சிவமலர் திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா சொல்லுறியள்? செல்வியும் அவரும்...?”

“தாய்மாமனும் மருமகளும். நாந்தான் கட்டி வச்சேன்.”

“ஐயோ, அவ மாமா மாமா எண்டு கூப்பிடுறவ. எல்லாரும் கூப்பிடுற மாதிரித்தானே எண்டு நான் இருந்திட்டன். எங்கட பக்கம் மச்சானைக் கட்டுவினம். மாமனைக் கட்டுறேல்லை.”

“உங்க பக்கம் மாமன்மாரு குடுத்து வைக்கல” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அதை டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. போக எடுத்து வைத்த காலைத் திருப்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து, எனக்கு ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் முருகேசனுக்கு ஒரு கட்டம். என் வட்டத்துக்குக் கீழே செல்விக்கு ஒரு வட்டம். செல்விக்கும் முருகேசனுக்கும் நடுவில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு. சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் அப்படித்தான் போடுவார்களாம். அதற்குக் கீழே கோமதிக்கு ஒரு வட்டம் போட்டு அதைக் கறுப்பாக நிரப்பினார். பிறகு அவளுடைய காது மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது அவர் நடை ஓட்டம் மாதிரி இருந்தது.

செல்வியும் முருகேசனும் திரும்பி வந்தார்கள். சிவமலர் சொல்லக் கேட்டதும் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா மானத்தை வாங்குத? மொத நாளே கேட்டாங்க, சொந்தமான்னு. இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“ஏன் சொன்ன?”

“இங்கன யாரும் மாமனைக் கட்ட மாட்டாங்க. ஒருத்திகிட்டச் சொன்னேன், அவ பார்த்த பார்வை... கேஸு கீஸு போட்ருவாங்களோன்னு பயமாப் போச்சு.”

“அவன் என் தம்பி. அவனை என்னன்னு சொல்லச் சொல்லுத? தெருவுல கிடந்தவன்னா?”

முருகேசன் போய்க் கதவைச் சாத்தினான். கோமதி எங்கள் வாயையே பார்த்தாள். அவளுக்குச் சண்டை என்று மட்டும் தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். அவர் சொல்லச் சொல்ல, சிவமலர் தமிழில் சொன்னாள். எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் பி ஒன்று என்று ஒரு வைட்டமின் இருக்கிறது. அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போக ஒரு மடை வேண்டும். அந்த மடையை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு ஆளுக்கு இரண்டு இருக்கும், தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது போதும். எங்கள் குடும்பத்தில் கெட்ட குறிப்பு ஒன்று எத்தனையோ தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கலாம். என்னிடமும் இருக்கலாம், முருகேசனிடமும் இருக்கலாம், யாருக்கும் ஒன்றும் செய்திருக்காது. கோமதிக்கு இரண்டு பக்கமிருந்தும் கெட்டதே வந்துவிட்டால் மடை இருக்காது. அப்போது இரத்தம் ஊறாது, காதும் கேட்காது.

“மிக அரிதான நோய். இரத்தக் குறையும் காதுக் குறையும் ஒன்றாக இருந்தும் எங்களுக்குத் தோன்றவில்லை. சொந்தம் இல்லை என்றதால் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். இன்னும் நிச்சயமில்லை. பரிசோதனை முடிவு வர நாளாகும். ஆனால் மருந்து வெறும் வைட்டமின்தான், கொடுத்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. மாற்று சிகிச்சையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்” என்றார்.

செல்வி முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் கேட்டேன், “அந்த வைட்டமின் தவிட்டுல இருக்கும்பாங்களே. நான் தவிடு போகாத அரிசி பொங்கிப் போடுதேன்.”

டாக்டரம்மா தலையாட்டினார். மடையே இல்லாதபோது சாப்பாட்டில் வருகிற அளவு உள்ளே போகாதாம். வெள்ளமாக விட்டால்தான் கரை வழியாகக் கொஞ்சம் கசியும். அதற்கு மாத்திரைதான் வேண்டும், அதுவும் பெரிய அளவில்.

எங்கள் மூன்று பேரிடமும் இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். கோமதிக்கு மாத்திரை தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். காலையில் சோறு பொங்கி எடுத்துக்கொண்டு டிராமில் போவேன். பொத்தானை நானே அமுக்குவேன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் முழித்துக்கொண்டு நின்றார், அவருக்கும் நானே அமுக்கிவிட்டேன். செல்வி என்னோடு அளவாகத்தான் பேசினாள். நானும் இறங்கிப் போகவில்லை. கோமதிதான் எங்களுக்கு நடுவில் தூது.

ஒருநாள் காலையில் சிவமலர் லிஃப்டு பக்கமே ஓடி வந்தாள். “அம்மா, பிஞ்சு அணுக்கள் வந்திருக்கு! புது இரத்தம், அவ தானே ஊற வைச்சது!”

“நிசமாவா?”

“ஓம், நான் கண்ணால கண்டனான்.”

நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரத்தம் ஏற்ற வேண்டிய நாள் வந்தது, ஏற்றாமலே போனது. உதட்டில் ஒரு நிறம் வந்தது. பரிசோதனை முடிவும் வந்தது. டாக்டரம்மா நினைத்தது சரிதான். எனக்கும் முருகேசனுக்கும் செல்விக்கும் ஒரு குறிப்பு நல்லது, ஒன்று கெட்டது. மாற்று சிகிச்சை தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்த வாரம் டாக்டரம்மா எங்களைத் தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டி பெட்டியாக மெஷின்கள், ஒரே ரீங்காரம், எங்கள் ஊர் விசைத்தறிக் கொட்டகை தூரத்தில் ஓடுகிற மாதிரி. கோமதியின் எலும்பிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த ஸ்டெம் செல்களை இரண்டு சின்னக் கண்ணாடித் தட்டில் வளர்த்திருந்தார்கள். ஒன்றில் வைட்டமின் சாதாரண அளவு, இன்னொன்றில் நிறைய. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் தட்டில் மங்கலாக ஒன்றிரண்டு புள்ளி. இரண்டாவதில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. குங்குமத்தை ஈரத்தில் உதறின மாதிரி.

“இரத்தம் குறைந்தால் சிறுநீரகத்திலிருந்து எலும்புக்கு ஒரு செய்தி போகும், பெருகு என்று” என்றார் டாக்டரம்மா. முருகேசன் எனக்குச் சொன்னான். “உங்கள் பேத்தியின் செல்களுக்கு அந்தச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவை வேலையையும் தொடங்கியிருக்கின்றன. வைட்டமின் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டன. இனிமேல் இந்தச் செல்களை வைத்து மற்றப் பிள்ளைகளுக்காகவும் படிப்போம்.”

விதையில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் கருக்க இருந்தோம். காதுதான் கேட்காமல் போனதே தவிர, பிள்ளையின் எலும்புக்கு எல்லாம் நன்றாகக் கேட்டிருக்கிறது.

காதைப் பற்றியும் கேட்டேன். டாக்டரம்மா மறைக்கவில்லை. போனது போனதுதான், மாத்திரை அதைத் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்ற முடியுமா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. சர்க்கரை வருகிறதா என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

வெளியே வந்ததும் செல்வி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் பிடிப்பாளே அப்படி.

“நீ மட்டும் அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா...”

“நான் என்னைக்குட்டி சும்மா இருந்திருக்கேன்?”

சிரித்துக்கொண்டே அழுதாள். கோமதி வாய்க்கால் ஓரமாக ஓடினாள். ஓடினாள் என்றுதான் எழுதுகிறேன், நடந்தாள் என்று இல்லை. முருகேசன் “ஏ கோமதி, மெதுவா!” என்று கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, பாவாடை நனைய நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டாள்.

ஊருக்கு வந்ததும் ராயகிரியில் இருக்கிற என் மூத்த மகளை வரச் சொன்னேன். அவள் பெண்ணை என் இளைய மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். “சம்பந்தம் எங்கயும் ஓடிப் போகாது. மொதல்ல நீயும் ஒம் மகளும் தம்பியும் இரத்தம் குடுங்க, பாத்துட்டு மேற்கொண்டு பேசுவோம்” என்றேன். “ஜெர்மனிக்குப் போயிட்டு வந்து அம்மா டாக்டர் ஆயிட்டா” என்று மூத்தவள் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும். இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

எழுதி முடித்துவிட்டேன். மூத்தவன் மகள் கயல் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறாள். போனில் கோமதி, கன்னம் இரண்டும் சிவந்துபோய், முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு.

“ஏட்டி கயலு, இங்கன வா. இதை வாசி. நான் எழுதியிருக்கபடியே வாசிக்கணும், திருத்தப்படாது.”

கயல் முதல் வரியை வாசித்தாள். போனில் கோமதி காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

“இன்னும் சத்தமா வாசி, மக்கா.”

“பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும் ஆச்சி!”

“கேக்கட்டும். அவளுக்குக் கேக்கணும்லா? மொதல்ல இருந்து வாசி.”